ருசித் தடம்: பீர் ஊர்கள் செய்ததை ஆற்காடும் ஆம்பூரும் எப்படிச் செய்யலாம்?

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிற பலருக்கு எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். ஆம்பூரில் வண்டியை ஓரங்கட்டி, பிரியாணி சாப்பிட்டு, முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்கள் தரிசனம் முடிந்த கையோடு திருப்பதிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஆனால் லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள நாலு தெருவைத் தாண்டி எதையும் பார்க்காமல் ஊர் திரும்புகிறார்கள். ஆள் வரத்துக்கு இங்கே குறைவில்லை. வருகிற ஆளை ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க வைக்கவும், ஒரு கடைக்குப் பதிலாக நாலு கடை ஏற வைக்கவும்தான் நம்மிடம் ஏற்பாடு இல்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில ஊர்கள் இதே குறைக்கு ஒரு வழி கண்டன. தங்கள் ஊரில் இருந்த சிறு பீர் ஆலைகளை ஒரே வரைபடத்தில் கோத்து, ‘இந்த வழியாகப் போங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ருசி பாருங்கள்’ என்று பயணிகளை அனுப்பி வைத்தன. ‘கிராஃப்ட் புரூவரி டிரெயில்’ என்று அங்கே இதற்குப் பெயர். நாம் பீர் ஆலைத் தடம் என்று வைத்துக்கொள்வோம். அது என்ன, எப்படி ஓடுகிறது, ஏன் பலித்தது என்று முதலில் பார்க்கலாம். அப்புறம் அதிலிருந்து பீரை எடுத்துவிட்டு, மிச்சத்தில் நம் ஊருக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம். பீர் நமக்கு வேண்டாம், அந்த முறை கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி.

சிறு பீர் ஆலை

பெரிய கம்பெனி பீருக்கும் சிறு ஆலை பீருக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட். பார்லியை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறித் தண்ணீரில் இறங்கும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் விடும். பீர் தயார்.

வித்தியாசம் அளவிலும் முதலாளியிலும் இருக்கிறது. அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. வருடத்துக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக்கூடாது. சிறு ஆலையல்லாத வேறு மதுக் கம்பெனியிடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக்கூடாது. அறுபது லட்சம் என்பது நம் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியாது. நிஜத்தில் பெரும்பாலான ஆலைகள் அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாதவை. முன்னால் பத்து மேசை, பின்னால் நாலைந்து எஃகுத் தொட்டி, வேலைக்கு ஒரு குடும்பமும் சில ஆட்களும் என்ற அளவில் நடப்பவை.

1970-களின் கடைசியில் அந்த நாடு முழுவதிலும் நூறு பீர் ஆலைகூட இல்லை. சில பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. 1978-இல் வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக் கொல்லையில் காய்ச்சிப் பழகியவர்கள் பின்னால் கடை திறந்தார்கள். இன்று ஆலைகளின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டி நிற்கிறது.

இதில் சுற்றுலாவுக்குச் சம்பந்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஹாப்ஸ் பூவின் வாசம் நாள் ஆக ஆகக் குறையும். கம்பெனி பீரைச் சூடுகாட்டி, புட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். சிறு ஆலை பீரை அப்படி வைத்தால் எதற்காக அதைத் தேடிப் போனோமோ அது போய்விடும். அதனால் நல்ல சரக்கு வேண்டுமென்றால் ஆலை இருக்கும் ஊருக்கே போக வேண்டும். தடம் என்கிற யோசனைக்கு அடித்தளம் இதுதான்.

தடம் எப்படி ஓடுகிறது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பெண்ட் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். நம் ஆம்பூரைப் போன்ற அளவு. ஒரு காலத்தில் மரம் அறுக்கும் மில்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. காடு குறைந்தது, மில்கள் ஒவ்வொன்றாக மூடின, கடைசி மில் 1994-இல் நின்றது. அதற்குள் 1988-இல் டெஷூட்ஸ் என்ற சிறு பீர் ஆலை ஊருக்கு நடுவில் தொடங்கியிருந்தது. அங்கே வேலை கற்றவர்களும் அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களும் வேறு ஆலைகளை ஆரம்பித்தார்கள். 2010-இல் ஊரின் சுற்றுலா அலுவலகம் எல்லா ஆலைகளையும் ஒரு வரைபடத்தில் போட்டு, ‘பெண்ட் ஏல் டிரெயில்’ என்று பெயர் வைத்தது.

அதற்காக யாரும் புதுக் கட்டடம் கட்டவில்லை. ஒரு மடிப்பு வரைபடம், பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம், ஒவ்வோர் ஆலையிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஆலைக்குப் போனால் ஸ்டாம்ப் போடுவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் சுற்றுலா அலுவலகத்தில் காட்டினால் நினைவுப் பரிசாக ஒரு கோப்பை. கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு போல இருக்கும். ஆனால் புத்தகத்தில் இரண்டு கட்டம் காலியாக இருந்தால் மனுஷனுக்கு மனசு கேட்காது. ‘நாளைக் காலையில் அந்த இரண்டையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம்’ என்பான். ராத்திரி ஓட்டல் அறை, மறுநாள் காலைப் பலகாரம், இன்னும் ஒரு கடையில் ஒரு சட்டை. ஊருக்கு வருமானம் இப்படித்தான் ஏறுகிறது. பழைய மில் நின்ற இடம் இப்போது கடைவீதி. அதன் புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் அடையாளமாக விட்டிருக்கிறார்கள்.

இதற்கும் முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சோளத்தை முதன்மையாக வைத்து விஸ்கி வடிக்கும் ஆலைகளின் சங்கம் 1999-இல் ‘போர்பன் டிரெயில்’ தொடங்கியது. அங்கேயும் ஸ்டாம்ப் புத்தகம்தான். அதைவிடப் பழையது ஜெர்மனியின் திராட்சை மது சாலை. 1934-இல் அமோக விளைச்சல், விலை விழுந்தது, மது தேங்கியது. வாங்குகிறவனை ஊருக்கே வரவழைப்போம் என்று 1935-இல் சுமார் 85 கிலோமீட்டர் சாலையை அந்தப் பெயரில் திறந்தார்கள். நம் நாட்டில் நாசிக்கைச் சொல்லலாம். திராட்சை விளையும் அந்தப் பகுதியில் சூலா கம்பெனி 2005-இல் ருசி பார்க்கும் அறை ஒன்றைத் தோட்டத்திலேயே திறந்த பிறகு, கும்பமேளா ஊருக்கு வேறொரு வகைக் கூட்டமும் வரத் தொடங்கியது.

பலித்ததன் காரணம்

ருசி பார்க்கிற அளவு சின்னது. சிறு ஆலையில் நாலைந்து வகை பீரைக் கைக்கடக்கமான கண்ணாடிக் குவளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு மரப்பலகையில் அடுக்கி, ஒரே விலைக்குத் தருவார்கள். அப்போதுதான் அடுத்த கடைக்குப் போக வயிற்றில் இடம் இருக்கும். நம் ஊர் ஓட்டல்களில் இந்தப் பழக்கமே இல்லை. முழு பிளேட், இல்லையென்றால் அரை பிளேட். அரை பிளேட் பிரியாணி சாப்பிட்டவன் அடுத்து எங்கே போவான்? தூங்கத்தான் போவான்.

செய்கிறவரைப் பார்க்க முடிவது இன்னொன்று. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, காய்ச்சுகிறவரிடமே ‘இது ஏன் கசக்கிறது?’ என்று கேட்கலாம். அந்தப் பதிலைக் கேட்டவர் ஊர் போய் பத்துப் பேரிடம் சொல்வார்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கடினமானது, எனக்குப் பெரிதாகப் படுவது, போட்டிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரை ஒருவருக்கொருவர் அனுப்பி வைப்பது. ‘எங்கள் கடையில் முடித்துவிட்டீர்களா? அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கிறது, அங்கே கறுப்பு பீர் நன்றாக இருக்கும்’ என்று சொல்கிற மனசு. அது நல்ல குணத்தால் மட்டும் வந்ததில்லை. ஒற்றைக் கடைக்காக முந்நூறு கிலோமீட்டர் யாரும் வரமாட்டார்கள், பத்துக் கடை சேர்ந்தால் வருவார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நம் கடைவீதியில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்று போர்டு மாட்டுகிற பழக்கத்தை வைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கைப் புரியவைப்பதுதான் முதல் வேலையாக இருக்கும்.

பீர் நமக்கு ஏன் சரிவராது?

முதல் காரணம் சட்டம். பீர் ஆலைத் தடத்தின் உயிர், செய்கிற இடத்திலேயே ஊற்றி விற்பது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கள்ளுக்கு 1987 முதல் தடை. பெங்களூரில் 2010 தொட்டு சிறு பீர் ஆலைகள் பெருகின என்றால், அங்கே உள்ள சட்டம் வேறு.

இரண்டாவது தண்ணீர். ஒரு லிட்டர் பீருக்கு, கழுவுவது குளிர்விப்பது எல்லாம் சேர்த்து நாலு முதல் ஏழு லிட்டர் தண்ணீர் செலவாகும். பாலாறு எப்படிக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். வருடத்தில் பெரும்பகுதி மணல்தான் தெரிகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு அந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே சாட்சி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் நாட்டின் சட்டத்தோடு சேர்த்துப் படித்தது. இந்தியா முழுக்க சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் குடிக்கும் இன்னொரு தொழிலுக்கு ஆசைப்படுவது நியாயமில்லை.

மூன்றாவது, நம் வீடுகள். மதுவிலக்கு இந்த மண்ணுக்குப் பழைய விஷயம். ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கினார். 1939-இல் வட ஆற்காடும் அதில் சேர்ந்தது. பின்னால் சட்டம் பலமுறை மாறியது. ஆனால் குடியால் கெட்ட குடும்பம் ஒன்றாவது இல்லாத தெரு இங்கே கிடையாது. பெண்களும் குழந்தைகளும் தயங்காமல் வரக்கூடிய தடம்தான் இந்த ஊருக்கு நல்லது.

நம் நிறுத்தங்கள்

பீரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அந்த ஊரில்தான் நன்றாகக் கிடைக்கும் ஒரு தின்பண்டம், அதைச் செய்கிற கை, செய்வதைப் பார்க்கிற வாய்ப்பு. இந்த மூன்றும் ஆற்காட்டிலிருந்து ஜோலார்பேட்டை வரை வழிநெடுக இருக்கின்றன.

ஆம்பூரிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரியாணி எல்லாரும் சாப்பிட்டிருப்பார்கள். அடுப்படியைப் பார்த்தவர்கள் குறைவு. காலையிலேயே விறகு அடுப்பில் பெரிய தேக்சா ஏறிவிடும். மிளகாய்த்தூள் போடுகிற வழக்கம் இங்கே இல்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, விதையோடு அரைத்த விழுதுதான் நிறத்தையும் காரத்தையும் கொடுக்கிறது. அந்த விழுதும் இஞ்சியும் பூண்டும் கறியோடு வதங்கும்போது கிளம்புகிற வாசம் தெருமுனை வரை வரும். சீரக சம்பா அரிசியைத் தனியாக வேகவைத்து, முக்கால் பதத்தில் வடித்து, கறியோடு சேர்ப்பார்கள். வடிக்கிற அந்த நிமிஷத்தில்தான் மாஸ்டரின் அனுபவம் தெரியும். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். நடுவில் ஒரு புள்ளி வேகாமல் இருக்க வேண்டும். பிறகு மூடி, மூடிமேல் நெருப்புக் கரியைப் பரப்பி தம் போடுவார்கள். ‘என்ன பாய், தம் போட்டாச்சா?’ என்று கேட்டபடி அடுத்த வீட்டுக்காரர் தூக்குவாளியோடு வந்து நிற்பார். தேக்சாவைத் திறக்கும்போது கரண்டியால் கிளறமாட்டார்கள். ஓரத்திலிருந்து ஒரு தட்டை உள்ளே செருகி, அரிசி உடையாமல் அடியோடு எடுப்பார்கள். கூடவே புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர்ப் பச்சடி.

இந்த அரை மணி நேரத்தை, தம் உடைக்கிற நேரத்தை மட்டும், பத்துப் பேர் நின்று பார்க்கிற மாதிரி ஒரு கடை ஒதுக்கிக் கொடுத்தால் போதும். பார்த்துவிட்டு, தொன்னையில் நாலு வாய் பிரியாணி. முழுச் சாப்பாடு வேண்டுகிறவர் தாராளமாக உட்காரட்டும்.

தொட்டுக்கொள்கிற கத்திரிக்காய்க்கும் இங்கே ஓர் ஊர் இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி. அங்கு விளைகிற முள்ளு கத்திரிக்காய்க்குக் காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் இருக்கும். சதை மெதுவானது, ருசி தனி. 2023-இல் வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது இந்தப் பகுதியில் விளையாத கத்திரிக்காயை அந்தப் பெயரில் விற்கக்கூடாது. குறியீடு ஒரு காகிதம். அதை வைத்து விவசாயிக்கு நாலு காசு வரவேண்டுமென்றால் வாங்குகிறவர் தோட்டத்துக்கு வரவேண்டும். காலையில் தோட்டத்தில் கையில் முள் குத்தாமல் காய் பறிக்கக் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு வீட்டுத் திண்ணையில் எண்ணெய்க் கத்திரிக்காயும் சோறும் சாப்பிட்டால், பட்டணத்துப் பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

ஆற்காட்டுக்கு மக்கன் பேடா. குலாப் ஜாமூனுக்குப் பங்காளி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே வேறு சங்கதி. இனிக்காத பால்கோவாவோடு மைதா சேர்த்துப் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா பருப்புகளைப் பொடியாக வைத்து மூடி, லேசாகத் தட்டையாக்கி, சிறு தீயில் பொரிப்பார்கள். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். பொரித்ததைப் பாகில் ஊறப் போட வேண்டும். நன்றாக அமைந்த பேடாவை வாயில் வைத்தால் மேல் பகுதி கரைந்துபோய்ப் பருப்பு மட்டும் பல்லில் சிக்கும். ஆற்காட்டு நவாபுகள் காலத்துப் பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு நடக்கிற தூரத்தில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது. 1751-இல் ராபர்ட் கிளைவ் முற்றுகைக்குள் சிக்கித் தாக்குப்பிடித்த கோட்டையில் மிஞ்சியிருப்பது அந்த வாசல்தான்.

பதநீரைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பீருக்கு நம்மிடம் இருக்கிற நெருங்கிய சொந்தம் அதுதான். பனம்பாளையில் வடிகிற சாறு பானையில் விழுந்த உடனேயே காற்றிலுள்ள ஈஸ்ட் அதில் வேலையை ஆரம்பித்துவிடும்; சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கத்தான் பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். ஒரே மரம், ஒரே சாறு. வேதியியல் பாடத்தை இதைவிட எளிதாக ஒரு குழந்தைக்குக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. பதநீர் வெயில் காலத்துப் பண்டம். அதையும் விடிந்து வெயில் ஏறுவதற்குள் குடித்தால்தான் ருசி. பயணியை முந்தின ராத்திரியே இங்கே தங்க வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பனையேறுகிறவருக்கும், பானை எண்ணி வியாபாரிக்கு விற்பதைவிட, பனையோலைப் பட்டையில் நேராக ஊற்றிக் கொடுத்து விற்றால் கையில் நாலு காசு நிற்கும்.

மலை இரண்டு இருக்கிறது. ஏலகிரி எல்லாருக்கும் தெரிந்தது. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, தேன் கிடைக்கிறது, புளியும் பலாவும் உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு ராத்திரி வானத்தைப் பார்க்க வேண்டிய மலை அது.

வேலூர் நகரத்துக்குள் நான் ஒரு வித்தியாசமான நிறுத்தத்தைச் சேர்ப்பேன். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ ஆட்களை வரவழைக்கிறது. அவர்களுக்காக மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள மெஸ்கள் முளைத்திருக்கின்றன. போர்டு வங்காளத்தில், அடுப்பில் கடுகெண்ணெய், தட்டில் மீன் குழம்பும் மசூர் பருப்பும். தமிழ்நாட்டில் கடுகெண்ணெய் மீன் குழம்பைத் தேடிப் போக வேண்டிய ஊர் வேலூர்தான், நம் ஆட்களுக்கே இது தெரியாது. அதே தெருக்களில் நோயாளியோடு வந்த அண்ணனோ மாமாவோ, ‘ரிப்போர்ட் நாளை மறுநாள்தான்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு துண்டு வரைபடமும், அரை நாளில் போய்த் திரும்புகிற ஒரு சின்னச் சுற்றும் இருந்தால் அவருக்கு அந்த அரை நாள் லேசாகும். கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அகழியும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும், அதே மதிலுக்குள் தேவாலயமும் மசூதியும், 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்த இடமும் அங்கே இருக்கின்றன.

வண்டியைவிட ரயில் மேல்

வெளிநாட்டுத் தடங்களுக்குப் பெரிய தலைவலி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. அதனால் நடந்து போகிற தூரத்தில் ஆலைகளைக் கோப்பார்கள், இல்லையென்றால் வேன் விடுவார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நடுவிலுள்ள ரயில் பாதையில், ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி அங்கே உள்ள மதுக்கடையில் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிற ஒரு தடம் உண்டு.

நமக்கு அந்தத் தலைவலி இல்லை, ஆனால் ரயில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து எங்கே வந்தது? வாலாஜா ரோடுக்கு. ஆற்காட்டு மக்கன் பேடாவுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் இன்றைக்கும் அதுதான். அதே தண்டவாளத்தில் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று தடத்தின் நிறுத்தங்கள் வரிசையாக நிற்கின்றன. குடியாத்தத்தில் இறங்கினால் கைத்தறி லுங்கி நெய்கிற தறிச் சத்தம். சாயங்காலம் சென்னையிலிருந்து கிளம்புகிற ஏலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஜோலார்பேட்டை சேர்கிறது. வெள்ளிக்கிழமை அதில் ஏறிப் படுத்தெழுந்து, சனிக்கிழமை காலையிலிருந்து ஒவ்வோர் ஊராக இறங்கி ஏறி, ஞாயிறு மாலை வீடு திரும்பலாம். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோ. ஆட்டோக்காரருக்கு அந்த வரைபடத்தைச் சரியாகப் புரியவைப்பது முக்கியம். தடத்தின் வழிகாட்டி அவர்தான்.

சறுக்குகிற இடங்கள்

மேலே சொன்ன இங்கிலாந்து ரயில் தடம் தொலைக்காட்சியில் வந்ததும், சனிக்கிழமைகளில் கும்பல் கும்பலாக ஆட்கள் இறங்கி, அந்தச் சின்ன ஊர்களில் குடியிருந்தவர்கள் முகம் சுளிக்கிற அளவுக்குப் போனது. தடம் ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவானால் அவர்களே அதை மூடிவிடுவார்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களைப் பற்றி எனக்கு இந்தக் கவலை உண்டு. அங்கே ஒரு நாளைக்கு எத்தனை பேர், பிளாஸ்டிக்கை யார் கீழே கொண்டுவருவது, வீட்டுக்குள் படம் எடுக்கலாமா என்பதையெல்லாம் மலைவாழ் மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு சறுக்கலை நாமே பார்த்தோம். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். ஆம்பூரில் பல வீடுகள் சாப்பிடுகிற, பல கடைகள் சமைக்கிற உணவு அது. அதை மறைத்துவிட்டு ஆம்பூரின் ருசியைக் காட்டுகிறோம் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், எல்லாக் கடையும் வரைபடத்தில் இருக்கட்டும். எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று தெளிவாகப் போடட்டும். சைவக்காரருக்கும் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவருக்கும் அவரவர் நிறுத்தம் தெரியட்டும். விருப்பமில்லாதவர் அந்தக் கடையைத் தாண்டிப் போகப் போகிறார்.

சுத்தமும் இதில் சேரும். தடத்தில் ஒரு கடை அழுக்காக இருந்தால் மற்ற ஒன்பது கடைக்கும் கெட்ட பெயர். உணவுப் பாதுகாப்பு உரிமம், குடிதண்ணீர், பெண்கள் போகக்கூடிய கழிப்பறை, இவை இல்லாத கடைக்கு ஸ்டாம்ப் கொடுக்கக்கூடாது. கழிப்பறை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குடும்பத்தோடு வருகிறவர்கள் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

யார் நடத்துவது, எப்படித் தொடங்குவது?

பெண்டில் ஊரின் சுற்றுலா அலுவலகம், கென்டக்கியில் தொழில்காரர்களின் சங்கம். இரண்டில் ஒன்று முன்னால் நிற்க வேண்டும். நமக்கு ஒரு கூடுதல் சிரமம். 1989-இல் வட ஆற்காடு இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மக்கன் பேடா ராணிப்பேட்டை மாவட்டத்தில், முள்ளு கத்திரிக்காய் வேலூரில், பிரியாணி திருப்பத்தூரில், ஜவ்வாது மலையின் பெரும்பகுதி திருவண்ணாமலையில். நாலு கலெக்டர் ஆபீஸும் கைகோத்து ஒரு வரைபடம் போடும் வரை காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும். கடைக்காரர்களே ஆரம்பித்து, அரசைப் பின்னால் இழுத்துக்கொள்வது நடக்கிற காரியம்.

அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆம்பூரில் மூன்று பிரியாணிக் கடை, ஆற்காட்டில் இரண்டு இனிப்புக் கடை, இலவம்பாடியில் ஒரு தோட்டம், சி.எம்.சி. அருகில் ஒரு வங்காள மெஸ், இவ்வளவு பேர் ஒத்துக்கொண்டால் போதும். ருசி பார்க்கிற சின்ன அளவுக்கு எல்லாரும் ஒரே விலை வைக்க வேண்டும். சனி, ஞாயிறு எந்த நேரம் அடுப்படியைக் காட்டுவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்ன நேரத்தில் காட்டவும் வேண்டும். வருகிறவர் கடை பூட்டியிருப்பதைப் பார்த்தால் அந்தத் தடம் அன்றோடு முடிந்தது. வரைபடம் தமிழ், ஆங்கிலம், வங்காளம், இந்தி நாலிலும் ஒரே தாளில் அடித்து, காட்பாடி ஸ்டேஷனிலும் லாட்ஜ் கவுண்டர்களிலும் ஸ்ரீபுரத்துக்குப் போகிற ஆட்டோக்களிலும் வைக்கலாம். ஸ்டாம்ப் புத்தகம் நிறைந்தவருக்குப் பரிசு குடியாத்தத்துக் கைத்தறித் துண்டாக இருக்கட்டும். நெய்கிறவருக்கும் ஒரு வேலை.

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு கடையும் ஒரு நோட்டில் இரண்டு விஷயம் மட்டும் எழுதி வரட்டும்: வந்தவர் எந்த ஊர், ராத்திரி இங்கே தங்குகிறாரா. இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்ற பதில் மாதத்துக்கு மாதம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் அடுத்த கடையைச் சேர்க்கலாம். கூடாவிட்டால் நிறுத்தங்களின் வரிசையை மாற்றி, பதநீர், வானாய்வகம் மாதிரி விடிகாலையிலும் ராத்திரியிலும் மட்டுமே கிடைக்கிற விஷயங்களை முன்னால் கொண்டுவந்து மறுபடி பார்க்கலாம்.